'படம் போட்டா சோறு வருமா கண்ணு?' - கொங்கு வீடுகளின் கேள்விக்கு ஓவியக் கல்லூரி சொன்ன பதில்!

ஈரோட்டிலிருந்து திருச்சி போகும் ரயிலில் ஏறினால், முக்கால் மணி நேரத்துக்குள் கொடுமுடி வந்துவிடும். தெற்கு நோக்கி ஓடிவந்த காவிரி, கிழக்கே திரும்பும் ஊர். மகுடேசுவரரும் வீரநாராயணப் பெருமாளும் ஒரே வளாகத்தில் இருக்க, வன்னி மரத்தடியில் பிரம்மாவும் இருக்கும் கோயில். ஆடிப்பெருக்கு அன்றைக்குப் படித்துறையில் கால் வைக்க இடம் கிடைக்காது.

இந்த ரயில் பாதைக்கு இன்னொரு கதையும் உண்டு. 1908-ல் கொடுமுடியில் பிறந்த ஓர் ஏழைச் சிறுமி, வயிற்றுப் பாட்டுக்காக ரயிலில் பாடிக்கொண்டு போனாள். அந்தக் குரலைக் கேட்டு நாடக மேடைக்கு அழைத்துப் போனார்கள். அந்தச் சிறுமிதான் கே.பி.சுந்தராம்பாள். 1935-ல் 'பக்த நந்தனார்' படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். இந்தியாவே அண்ணாந்து பார்த்த தொகை அது.

கலை சோறு போடும் என்று நிரூபித்த ஊர்தான் இது. ஆனாலும், பிளஸ் டூ முடித்த பிள்ளை "நான் ஓவியக் கல்லூரியில சேரப் போறேன்" என்று சொன்னால், கொடுமுடி மட்டுமல்ல, கொங்கு நாட்டின் எந்த வீட்டிலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்.

"ஏங்கண்ணு, படம் போட்டுட்டு இருந்தா சோறு வருமா?"

கேலிக்காகக் கேட்கும் கேள்வி அல்ல இது. மஞ்சள் விலை இறங்கினால் அந்த வருடமே தடுமாறும் வீடுகள், தறிச் சத்தம் நின்றால் அடுப்பும் நின்றுபோகும் வீடுகள் கேட்கும் கேள்வி. இன்ஜினீயரிங் என்றால் என்ன வேலை கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நவீன ஓவியம் படித்தால்? அதுவும் கேன்வாஸில் நாலு கோடு, ஒரு வட்டம் போட்டுவிட்டு 'இதுதான் கலை' என்கிற படிப்பு என்றால்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், அது கொங்கு மண்ணில் பிறந்த ஒருவரிடமே கொண்டுபோய் நிறுத்துகிறது.

கோவையில் பிறந்த வாத்தியார்

கே.சி.எஸ்.பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே நன்றாகப் படம் வரைந்தார். ஆனால், தந்தை இறந்ததும் குடும்ப பாரம் தலையில் விழுந்தது. 'சோறு வருமா' என்ற கேள்விக்கு அவர் அன்றைக்குச் சொன்ன பதில், தந்தி இலாகாவில் ஒரு வேலை. சில ஆண்டுகள் அதில் இருந்துவிட்டு, 1936-ல், 25 வயதில்தான் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். படித்த இடத்திலேயே ஆசிரியரானார். 1957-ல் அதன் முதல்வராகவும் ஆனார்.

அந்தப் பள்ளியின் கதையே சுவாரஸ்யமானது. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் தனிப்பட்ட முயற்சியில் ஆரம்பித்தது. இரண்டே ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அன்றைக்கு அதன் நோக்கம், மகத்தான ஓவியர்களை உருவாக்குவது அல்ல. நல்ல கைவினைஞர்களை உருவாக்குவது. மண்பாண்டம், மரவேலை, உலோக வேலை எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள்.

இன்னொரு தகவலும் உண்டு. நம் பாட்டிமார் காலத்தில் வீட்டுக்கு வீடு நுழைந்த அலுமினியப் பாத்திரம் இருக்கிறதே, அதை இந்தியாவில் செய்யும் முயற்சியை 1898-ல் ஆல்பிரட் சாட்டர்டன் தொடங்கியது இந்த ஓவியப் பள்ளியில்தான். சோறு வருமா என்று கேட்கப்படும் படிப்பு, சோறு ஆக்கும் பாத்திரத்தையே செய்திருக்கிறது!

1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி இதன் தலைமைக்கு வந்தார். பொறுப்பேற்ற முதல் இந்தியர் அவர். மெரினாவில் பாறையை நெம்பிக்கொண்டு நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம்தான். அவர் காலத்தில் பள்ளியில் நுண்கலையின் கை ஓங்கியது. அவருக்குப் பின்னால் வந்த பணிக்கர் காலத்தில், இரண்டு கேள்விகள் வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்தன. 'நாம் வரைவதில் நம்முடையது எது?' என்பது ஒன்று. 'வரைந்துவிட்டு எப்படிப் பிழைப்பது?' என்பது இன்னொன்று.

ஜாதகக் கட்டும் ஓவியம்தான்!

1963 வாக்கில் பணிக்கர் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். அந்தப் படங்களைப் பார்த்தால் ஏதோ ஓலைச்சுவடியைப் பிரித்து வைத்த மாதிரி இருக்கும். மலையாள எழுத்தைப் போன்ற கிறுக்கல்கள், ஜாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள். உட்கார்ந்து படிக்க முயன்றால் ஒரு வரியும் படிக்க முடியாது. எழுத்து, அங்கே எழுத்தாக இல்லாமல் கோடாக மாறியிருக்கும்.

நம் எல்லோர் வீட்டு பீரோவிலும் மஞ்சள் தடவிய ஜாதகம் ஒன்று இருக்கிறது. கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும்தான் அதை எடுப்போம். அந்தக் கட்டங்களை ஒரு வடிவமாகப் பார்க்க பணிக்கருக்குத் தோன்றியது. ஐரோப்பிய நவீன ஓவியங்களை நேரில் பார்த்துவிட்டு வந்தவர்தான் அவர். ஆனால், அதை அப்படியே திருப்பிச் செய்யாமல், தன் ஊர்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

மாணவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்டது அவருடைய பாணியை அல்ல, அந்தத் தேடலை. பி.வி.ஜானகிராம் செம்புத் தகட்டை அடித்து, கோயில் கவசத்தை நினைவூட்டும் சிற்பங்களைச் செய்தார். கே.எம்.ஆதிமூலம் கறுப்பு மைக் கோட்டில் தனி உலகத்தையே உருவாக்கினார். ஒரே பள்ளி, ஒரே ஆசிரியர்கள். ஆனால், ஒருவர் வேலை இன்னொருவர் வேலையைப் போல இருக்காது. இந்தத் தலைமுறையின் கலையைத்தான் 'மெட்ராஸ் இயக்கம்' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

கிரியேட்டிவிட்டியைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

'அதெல்லாம் பிறவியிலேயே வரணுங்க' என்பது பொதுவான நம்பிக்கை. கலைக் கல்லூரிகள் அதை முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. உலகம் முழுக்க இதற்குச் சொல்லப்படும் பிரபலமான உதாரணம், ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளி.

1920களில் அங்கே முதலாண்டு வகுப்பெடுத்தவர் ஜோசப் ஆல்பர்ஸ். ஒருநாள் கை நிறைய பழைய செய்தித்தாள்களோடு வகுப்புக்கு வந்தார். ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, 'வீணடிக்காமல், இதை இதைவிட மேலான ஒன்றாக மாற்றுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சில மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால், தரை முழுக்க காகிதக் கோட்டை, கப்பல், விமானம், முகமூடி!

ஆல்பர்ஸுக்கு அவை பிடிக்கவில்லை. அதையெல்லாம் வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்யலாமே என்பது அவர் வாதம். அவர் பாராட்டியது, மிகச் சாதாரணமாகத் தெரிந்த ஒன்றை. ஒரு மாணவர் செய்தித்தாளை நீளவாக்கில் மடித்து, மடிப்புத் திரை மாதிரி நிற்க வைத்திருந்தார். அவ்வளவுதான். படுத்தே கிடக்கும் காகிதம் தானாக எழுந்து நிற்கிறது. காகிதத்தால் என்ன முடியும் என்று காகிதத்திடமே கேட்டுச் செய்த வேலை அது.

இதைப் புரிந்துகொள்ள ஜெர்மனி வரை போக வேண்டியதில்லை. கிழிந்த பருத்திப் புடவையைத் தூளியாகக் கட்டிய அம்மாக்கள் எல்லோரும் இந்தப் பாடத்தில் பாஸ் ஆனவர்கள்தான். துணியின் மென்மை, எடை தாங்கும் வலு, காற்று புகும் நெசவு மூன்றையும் கைக்குத் தெரிந்து வைத்திருந்ததால்தான் அது தூளியானது.

கலை வகுப்பு செய்வது, இந்தக் கைப்பழக்கத்தை விழிப்போடு செய்ய வைப்பதைத்தான். அதனால்தான் மாடலை உட்கார வைத்து வரையும் பயிற்சி, களிமண், அச்சு, துணி என்று வெவ்வேறு பொருள்களில் கைவைக்க விடுகிறார்கள். வரைந்த படத்தைச் சுவரில் மாட்டி, வகுப்பே சேர்ந்து பேசுவதும் பாடத்தின் ஒரு பகுதி. 'நல்லா இருக்கு', 'நல்லா இல்ல' என்று அங்கே முடித்துக்கொள்ள முடியாது. 'ஏன் இந்த நிறம்?', 'இதை எடுத்துவிட்டால் என்ன குறையும்?' என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பள்ளி முழுக்க 'சரியான விடை' எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு இது முதலில் திணறலாகத்தான் இருக்கும்.

சூலூரிலிருந்து போன மாணவர்

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மாணவர், நடிகர் சிவகுமார். சூலூர் அருகே காசிகவுண்டன்புதூரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தவர். அம்மாவின் உழைப்பில் வளர்ந்து, சென்னை ஓவியப் பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்தார். திருவண்ணாமலை, தஞ்சாவூர் என்று ஊர் ஊராகப் போய், கோயில் எதிரிலேயே உட்கார்ந்து அவர் வரைந்த ஓவியங்களை இன்றைக்கும் பார்ப்பவர்கள் வியக்கிறார்கள்.

1965-ல் 'காக்கும் கரங்கள்' வந்தது. தூரிகையை வைத்துவிட்டு சினிமாவுக்குப் போனார். ஓவியம் அவருக்கு நேரடியாகச் சோறு போடவில்லை என்று சொல்லலாம். ஓவியம் கொடுத்த கண்ணும் பொறுமையும் அவரை விட்டுப் போகவில்லை என்றும் சொல்லலாம்.

சினிமாவுக்குள்ளேயே ஓவியத்தால் சம்பாதித்தவர்களும் உண்டு. கலை இயக்குநர்கள் தோட்டா தரணி, சாபு சிரில் இருவரும் இந்தக் கல்லூரியில் படித்தவர்கள்தான். ஆனால், எல்லோரும் தோட்டா தரணி ஆகிவிடுவதில்லை. மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

சாயம் வாங்கித் தந்த நிலம்

இங்கேதான் பணிக்கரின் இரண்டாவது கேள்வி வருகிறது. 1960களில் சென்னையில் நவீன ஓவியம் வாங்க ஆள் இல்லை. படித்து முடித்த மாணவர்கள் கிடைத்த வேலைக்குப் போய், வரைவதையே விட்டுவிடுவதை அவர் பார்த்தார். தந்தி இலாகாவில் சில வருடங்கள் கழித்தவருக்கு அந்த வலி தெரியாமல் இருக்குமா?

மாணவர்களோடும் சக கலைஞர்களோடும் சேர்ந்து ஒரு கைவினைச் சங்கம் அமைத்தார். அவர்கள் கையில் எடுத்தது பாத்திக். துணியில் மெழுகால் வரைந்து, சாயத்தில் முக்கி எடுத்தால், மெழுகு இருந்த இடத்தில் மட்டும் நிறம் ஏறாது. அப்படி உருவாகும் கோலங்கள் கொண்ட துணிகள் நன்றாக விற்றன. ஓவியம் வாங்கத் தயங்கியவர்கள் துணி வாங்கத் தயங்கவில்லை.

அந்தப் பணத்தில், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையை ஒட்டி நிலம் வாங்கினார்கள். 1966-ல் உருவான அந்த இடம்தான் சோழமண்டல் கலைஞர் கிராமம். பொழுதின் ஒரு பகுதி கைவினைக்கு, அது வயிற்றுக்கு. மீதி நேரம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும். அரசு மானியத்துக்கோ பணக்காரர்களின் தயவுக்கோ காத்திருக்காமல், கலைஞர்களே கட்டிக்கொண்ட ஊர். அறுபது ஆண்டுகள் ஆகப் போகின்றன. 2009-ல் அங்கே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற குடும்பங்கள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

ஆதிமூலம் வேறு வழியில் போனார். திருச்சி மாவட்டம் துறையூர் பக்கம் கீராம்பூரில் பிறந்த அவரை, சிற்பி தனபால் அடையாளம் கண்டு கல்லூரியில் சேர வழிகாட்டினார். படிப்பு முடிந்ததும் நெசவாளர் சேவை மையத்தில் டிசைனர் வேலை. கைத்தறிக்கு டிசைன் போட்டுக்கொண்டே, காந்தியைக் கோட்டோவிய வரிசையாக வரைந்தார். பத்திரிகைகளுக்கும் வரைந்தார். 'ஜூனியர் விகட'னில் கி.ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'யைப் படித்தவர்களுக்கு அந்தக் கோடுகள் நினைவிருக்கும். நவீன ஓவியம் என்ற பெயரையே கேள்விப்படாத வீடுகளுக்குள் வார இதழ் வழியாக நவீன ஓவியம் நுழைந்தது.

ஆக, 'சோறு வருமா?' என்ற கேள்வியை இந்த ஆசிரியர்கள் அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி இன்னும் கடினமாக வந்தது. கேரளத்திலிருந்து வந்து 1960களில் இங்கே படித்தவர் டி.கே.பத்மினி. அபாரமான திறமைசாலி. 1969-ல் பிரசவத்தின்போது இறந்துபோனார். மெட்ராஸ் இயக்கத்தின் பெயர்ப் பட்டியலை எடுத்தால் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கிறார்கள். அதற்குத் திறமைக் குறைவு காரணம் அல்ல.

வீடே இல்லாதவர்களிடம் என்ன கேட்பது?

'உன் வீட்டில் இருப்பதைப் பார்' என்பது நல்ல பாடம்தான். வீட்டையே இழந்தவர்களிடம் இந்தப் பாடத்தை எப்படி நடத்துவது? அதற்குப் பதில் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது.

தா.சனாதனன், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர். டெல்லியில் படித்துவிட்டுத் தன் ஊருக்கே திரும்பிப் போனவர். எரிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், 2004-ல் அவர் ஒரு படைப்பைக் காட்சிக்கு வைத்தார். போரில் தப்பிய வீட்டுப் பொருள்களை மக்களிடமிருந்து சேகரித்து வைத்த படைப்பு. அவற்றில் எதுவும் அருங்காட்சியகப் பொருள் அல்ல. எல்லாம் புழங்கிய சாமான்கள்தான்.

2011-ல் வெளிவந்த அவருடைய 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' புத்தகம் இன்னும் ஆழமானது. தோம்பு என்பது காலனி ஆட்சிக் காலத்து நிலப் பதிவேடு. போரால் இடம்பெயர்ந்த தமிழர்கள், முஸ்லிம்களிடம் போய், இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். ஓவியம் தெரியாதவர்கள் வரைந்த கோணல்மாணல் கோடுகள். இங்கே கிணறு, இங்கே மாமரம், இங்கே சாமி அறை. அந்தக் கோடுகளைக் கட்டடக் கலைஞரின் வரைபடமாக மாற்றி, கூடவே தன் ஓவியத்தையும் வைத்து, ஓர் அலுவலகக் கோப்பு போலத் தொகுத்தார். அரசாங்கப் பதிவேட்டில் இல்லாத வீடுகளுக்கு ஒரு பதிவேடு!

'நல்லா வரையத் தெரிந்தால்தான் கலை' என்ற நினைப்பு இந்தப் புத்தகத்தின் முன்னால் நிற்காது. தற்காலக் கலையை ஏன் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களிடம், எதையும் விளக்காமல் இதை நீட்டலாம்.

கொடுமுடியில் ஒரு வகுப்பு நடந்தால்...

மீண்டும் காவிரிக்கரைக்கு வருவோம். கொடுமுடியைத் தாண்டிச் சற்றுத் தொலைவில், கரூர் மாவட்டத்தின் நொய்யல் கிராமத்தில் நொய்யல் ஆறு காவிரியில் கலக்கிறது. திருப்பூரின் சாயக் கழிவைச் சுமந்த ஆறு அது. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிப் போனதை இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அப்போது வேலை இழந்தவர்களும் இதே மண்ணின் மக்கள்தான்.

ஒரு பக்கம் சாயம் சோழமண்டலுக்கு நிலம் வாங்கித் தந்தது. இன்னொரு பக்கம் சாயம் ஓர் ஆற்றையே எடுத்துக்கொண்டது. இரண்டும் ஒரே நிறத்தின் கதை. இந்த ஊர்ப் பிள்ளை ஒன்று கலைக் கல்லூரிக்குப் போய், 'உனக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டு வா' என்று ஆசிரியர் கேட்டால், வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. பவானி ஜமக்காளத்தின் பட்டைக் கோடுகள், சென்னிமலைத் தறியின் தாளம், வேக வைத்து உலர்த்தும் மஞ்சள், ஆடி பதினெட்டில் ஆற்றில் விடும் முளைப்பாரி என்று எடுத்து வைக்க எவ்வளவோ இருக்கிறது.

அப்படி மாணவர்கள் செய்வதை நாடு பார்க்கவும் இன்றைக்கு மேடை இருக்கிறது. கொச்சியில் 2012-ல் தொடங்கிய கொச்சி-முசிறி பினாலேவுடன், 2014-லிருந்து 'ஸ்டூடன்ட்ஸ் பினாலே'வும் சேர்ந்து நடக்கிறது. இந்தியா முழுக்க உள்ள கலைக் கல்லூரி மாணவர்களின் படைப்புகளுக்கான இடம் அது.

சேர்வதற்கு என்ன வழி?

தமிழ்நாட்டில் அரசு கவின் கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. 2013-ல் தொடங்கப்பட்ட, இன்றைக்கு தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படும் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. பிளஸ் டூ முடித்தவர்கள் நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ. படிப்பில் சேரலாம். மதிப்பெண் மட்டும் போதாது. திறனறித் தேர்வு உண்டு. சென்னைக் கல்லூரியில் ஓவியம், சிற்பம், காட்சித் தொடர்பு, அச்சுக்கலை ஆகியவற்றோடு துணி வடிவமைப்பும் பீங்கான் வடிவமைப்பும் தனித் துறைகள். துணியும் தறியும் பார்த்து வளர்ந்த கொங்குப் பிள்ளைகள் யோசிக்க வேண்டிய துறை எது என்று சொல்லத் தேவையில்லை.

விளம்பரம், அனிமேஷன், துணி டிசைன், சினிமா அரங்கம், பள்ளி ஆசிரியர் பணி என்று வேலைக்கான வழிகள் இருக்கின்றன. மாதச் சம்பளம் உறுதி என்று யாராலும் சொல்ல முடியாது. அதையும் பிள்ளையிடம் மறைக்காமல் பேசிவிடுவது நல்லது. பணிக்கர் தன் மாணவர்களிடம் மறைக்கவில்லை.

சோறு வருமா என்று பெற்றோர் கேட்பதில் தவறே இல்லை. அதோடு இன்னொன்றையும் கேட்கலாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பிள்ளை ஏதோ கிறுக்கியிருந்தால், நோட்டைப் பிடுங்குவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்ன கண்ணு?" என்று ஒரு வார்த்தை. கலைக் கல்லூரியின் முதல் வகுப்பிலும் அதைத்தான் கேட்கப் போகிறார்கள்.